கை கூப்பி நிற்கும் வீடுகள்

"ஜப்பானுக்குப் போய்க் கூரை வீட்டையா பார்க்கப் போறே? அதைத்தான் நம்ம ஊர்ல சின்ன வயசிலேயே பார்த்தாச்சே!"

டெலிபோனில் என் கணவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2018 பிப்ரவரி. நான் நகோயாவில் பெண் வீட்டில் இருந்தேன். பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. பெண் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்ததால் குழந்தையைப் பார்த்துக் கொள்ளப் போயிருந்தேன். "டோக்கியோ கோபுரத்தை எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம் அத்தை. பனி இருக்கிறபோதே ஷிரகவா-கோவைப் பார்த்துடுங்க" என்றார் மாப்பிள்ளை. சரி, இவ்வளவு சொல்கிறாரே என்று கிளம்பினேன்.

அதன் பிறகு இன்னும் இரண்டு முறை அதே ஊருக்கு, அதே வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். 2019 மே மாதம் சிரித்தவரையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை. 2023-ல் இலையுதிர் காலத்தில் ஒரு தடவை. ஆக, அந்தக் கிராமத்தின் மூன்று பருவங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோடையை மட்டும் வீட்டுக்காரம்மாள் வாயால் கேட்டதுதான். பார்த்ததாகப் புளுக மாட்டேன்!

நகோயாவிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கிஃபு மாநிலத்தின் வடக்கு மூலையில், நாலா புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. நடுவில் ஷோ ஆறு. மேற்கே ஹகுசான் என்ற 2,702 மீட்டர் உயர மலை. ஆற்றங்கரையோரம் இருக்கும் ஒகிமாச்சி என்ற ஊர்தான், ஷிரகவா-கோ என்று எல்லாரும் பார்க்க வருகிற இடம். 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்து மாநிலத்தில் இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள ஐனோகுரா, சுகனுமா என்ற இரண்டு சின்ன ஊர்களும் கூடவே சேர்க்கப்பட்டன.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வீடுகள் அல்ல, கூரைகள்தான். அத்தனை பனி! தெருவின் இரண்டு பக்கமும் என்னை விட உயரமாகப் பனிச் சுவர். அதற்கு மேலே கூர்மையான பெரிய பெரிய கூரைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்கு. கும்பிடும்போது இரண்டு கைகளையும் சேர்ப்போமே, விரல் நுனிகள் மேலே சேர்ந்து, கீழே அகன்று, அப்படியே இருக்கிறது. ஜப்பானியரும் அதையேதான் பெயராக வைத்திருக்கிறார்கள். 'கஷ்ஷோ' என்றால் கை கூப்புதல். கூரையின் சாய்வு கிட்டத்தட்ட 60 டிகிரி. அவ்வளவு செங்குத்தாக இருந்தால்தான் பனி தங்காமல் சரியும். தங்கினால் என்ன ஆகும்? ஈரப் பனி பஞ்சு மாதிரித் தெரிந்தாலும் கல் மாதிரிக் கனக்கும், கூரையையே அமுக்கிவிடும். இரண்டு மீட்டருக்கு மேல் பனி குவிவது அங்கே சாதாரணம்.

இந்த வீடுகளில் சில, விருந்தினருக்கு இடம் கொடுக்கின்றன. ஹோட்டல் அல்ல. குடும்பத்தார் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். நடுவில் காகிதக் கதவு. பக்கத்து அறையில் தும்மினால் நமக்குக் கேட்கும். குளியலறை எல்லாருக்கும் பொது. எங்கள் வீட்டுக்காரம்மாளுக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. ஜப்பானிய மொழியில் பாட்டியை 'ஒபாசான்' என்பார்கள். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு 'பாசான், பாசான்' என்று ஒட்டிக்கொண்டாள். பிறகு எங்களுக்கும் அவர் 'பாசான்' ஆகிவிட்டார். பேச்செல்லாம் என் பெண் மூலமாகத்தான். என்றாலும் சமையலறையில் இரண்டு கிழவிகளுக்கு மொழி என்ன வேண்டிக் கிடக்கிறது!

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் எரிந்தது. கூடத்தின் நடுவே தரையில் சதுரமாக ஒரு குழி அடுப்பு. 'இரோரி' என்கிறார்கள். சாம்பலின் நடுவே விறகு எரிகிறது. மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் கொக்கியில் இரும்புக் கெட்டில். அதற்கும் மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மரத் தட்டி, பொறி பறந்து கூரையில் படாமல் தடுக்க. புகை போகப் புகைபோக்கியே கிடையாது! புகை அப்படியே மாடித் தரைப் பலகைகளின் இடுக்கு வழியாக மேலே மேலே போகிறது. தூணெல்லாம் நம் பழைய விறகு அடுப்பங்கரைச் சுவர் போலக் கறுத்துப் பளபளக்கிறது.

மூலையில் கெரசின் ஹீட்டர் இருந்தது, மின்சார ரைஸ் குக்கர் இருந்தது, டெலிவிஷன் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வசதி வெச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் புகையிலே கஷ்டப்படறீங்கன்னு கேளேன்" என்றேன் பெண்ணிடம். பாசான் சிரித்துக்கொண்டே மேலே விரலைக் காட்டினார். "அடுப்பு எங்களுக்கு இல்லே. கூரைக்கு."

அப்புறம்தான் விளங்கிற்று. கூரை வேய்ந்திருப்பது 'கயா' என்னும் ஆளுயரப் புல். நாணல் மாதிரி இருக்கும். அதைத் தாங்கும் கைமரங்களை ஆணியில்லாமல் வைக்கோல் கயிற்றாலும், 'நெசோ' என்ற இளங்கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது அந்தக் கொம்பை முறுக்கிக் கட்டினால், காயக் காய இறுகிக்கொள்ளுமாம். புகை படப் படக் கயிறும் புல்லும் கரிப்பூச்சு ஏறிப் பூச்சி அரிக்காமல் இருக்கும், ஈரம் காயும். அடுப்பு அணைந்த வீட்டில் கூரை சீக்கிரம் உளுத்துவிடும். ஆகையால் வருஷம் முழுவதும், கோடையிலும்கூட, தினம் அடுப்பு மூட்டியாக வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல வீட்டுக்குப் புகை காட்டுகிறார்கள்.

இன்னொரு சங்கதி. கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்களில் சில, அடியில் வில் போல வளைந்திருக்கும். தச்சர் வளைத்ததல்ல. மலைச்சரிவில் முளைக்கும் கன்றுகளை ஒவ்வொரு குளிர்காலமும் பனி கீழ்நோக்கி அமுக்குகிறது. அது வளைந்து பின் நிமிர்ந்து மரமாகிறது. அந்த வளைவு கனம் தாங்குவதற்கு வாகு. பனி வளைத்த மரத்தைக் கொண்டே பனியைத் தாங்கச் செய்கிறார்கள். கைமரங்களின் அடி நுனி பென்சில் போலச் சீவப்பட்டு, உத்தரத்துப் பள்ளத்தில் வெறுமனே ஊன்றி நிற்கிறது. காற்றோ பனியோ தள்ளினால் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், முறியாது. கூரைகளெல்லாம் கிழக்கும் மேற்கும் பார்த்திருப்பதால் இரண்டு பக்கமும் வெயில் சமமாகப் படுகிறது. பள்ளத்தாக்கில் வடக்கு தெற்காக அடிக்கிற காற்றுக்கோ குறுகிய முகப்புதான் எதிரே நிற்கிறது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே குழம்பு, சூப் எல்லாவற்றுக்கும் அடிப்படையே உலர்ந்த மீனில் இறக்கிய சாறு. 'மீன் துண்டு போடாதீர்கள்' என்றால் போதாது, 'மீன் சாறும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். பாசான் எனக்காகக் காளானும் கடற்பாசியும் ஊறவைத்த தண்ணீரில் சூப் செய்து தந்தார். ஆற்று மீனும் மாட்டிறைச்சியும் மற்றவர்கள் இலைக்குப் போயின. எனக்குப் பிடித்தது 'ஹோபா மிசோ'. நம் தேக்கிலை போன்ற பெரிய காய்ந்த இலையைத் தண்ணீரில் நனைத்துச் சின்னக் கரி அடுப்பில் வைக்கிறார்கள். அதன் மேல் மிசோ (சோயா பீன்ஸை உப்போடு புளிக்க வைத்த விழுது), நறுக்கிய வெங்காயத் தாள், காளான். இலை கருகும் வாசனையோடு அது கொதிக்கும்போது சுடுசாதத்தில் போட்டுச் சாப்பிட வேண்டும். நம் துவையல் சாதம் தோற்றது, போங்கள்! கூடவே சிவப்பு டர்னிப் ஊறுகாய், கயிற்றில் கட்டித் தூக்கலாம் என்று சொல்லும்படியான கெட்டி டோஃபு. மலைவழியில் தூக்கிப் போகத் தோதாக இப்படி இறுக்கிச் செய்வது அந்தக் காலத்து வழக்கமாம்.

கைக்குழந்தையோடு பனிக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளுவண்டி உதவாது, பனியில் உருளாது. முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்வதுதான் சௌகரியம். ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மெல்லிசாக மூன்று உடுப்புகள் மேல். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஈரமான காலுறையை உடனே மாற்றிவிட வேண்டும். விறைத்த கால் விரலைத் தணலுக்கு நேரே நீட்டக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில்தான் வைக்க வேண்டும். நான் நீட்டினேன், பாசானிடம் திட்டு வாங்கினேன்.

மறு வருஷம் மே மாதம் போனபோது அது வேறு ஊராகத் தெரிந்தது. சுவர் போல நின்ற பனியெல்லாம் தண்ணீராகி வயலில் நிற்கிறது! வீட்டுக்கு வீடு நடுவிலேயே வயல்கள். நாற்று நட்டும் நடாமலும் இருந்த சமயம். கூரைகள் தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தன. வாய்க்காலில் ஓடும் பனித் தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது.

குளிர்காலம் முழுவதும் ஊறுகாயையும் வற்றலையும் தின்றவர்களுக்கு, பனி விலகியதும் முளைக்கிற காட்டுக் கீரைகளும் தளிர்களும்தான் விருந்து. அதில் 'வராபி' என்று ஒரு பெரணித் தளிர், நுனி சுருண்டு நத்தை மாதிரி இருக்கும். பச்சையாகச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது, கசப்பும் நஞ்சும் உண்டு. பாசான் அதன் மேல் இரோரிச் சாம்பலைத் தூவிக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க மூடி வைத்தார். காலையில் பலமுறை அலசிவிட்டுச் சமைத்தார். இலையுதிர் காலத்தில் பொறுக்கும் 'தோச்சி' என்ற காட்டுக் கொட்டைக்கும் இதே சாம்பல் வைத்தியம்தான். நாட்கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, சாம்பலில் கசப்பை எடுத்துவிட்டு, அரிசி மாவோடு இடித்துக் கொழுக்கட்டை போலச் செய்வார்கள். அரிசி போதாத காலத்தில் உயிரைக் காத்தது அந்தக் கொட்டைதான் என்றார். கூரைக்குப் புகை, கீரைக்குச் சாம்பல். அந்த அடுப்பில் எதுவும் வீணாகிறதில்லை.

அந்த முறை எங்களுக்கு அதிர்ஷ்டம். நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டில் கூரை பிரித்து வேய்ந்துகொண்டிருந்தார்கள். பாதிக் கூரை கறுப்பு, பாதி தங்க நிறம். இவர் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'கூரை வீட்டையா பார்க்கப் போறே' என்று கேட்டவர், அரை நாள் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "இரும்மா, அந்த முடிச்சு எப்படிப் போடறான்னு பார்த்துட்டு வரேன்!" என்று பதில். வெளியே ஒரு ஆள் பெரிய மர ஊசியில் கயிறு கோத்துக் கூரைக்குள் குத்துகிறார். உள்ளே பரணில் நிற்கிற ஆள் அதை வாங்கிக் கைமரத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புகிறார். மெத்தை தைப்பது மாதிரி, ஒரு வீட்டையே தைக்கிறார்கள்.

முப்பது, நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை கூரை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? அதற்குத்தான் அவர்களிடம் 'யுயி' என்று ஒரு ஏற்பாடு. இன்று உன் வீட்டுக் கூரைக்கு நான் வருகிறேன், நாளை என் வீட்டுக் கூரைக்கு நீ வா. கூலி கிடையாது. நூறு, இருநூறு பேர் சேர்ந்து ஒரு பக்கக் கூரையை ஒரே நாளில் வேய்ந்துவிடுவார்களாம். ஆண்கள் கூரை மேல். பெண்கள் கட்டு கட்டாகப் புல்லை எடுத்துக் கொடுப்பதும் அத்தனை பேருக்கும் சமைப்பதும். யார் எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை கட்டுப் புல், எத்தனை கயிறு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். நம் வீட்டுக் கல்யாண மொய் நோட்டேதான்! என் மாமியார் அந்த நோட்டைப் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுவார். எழுதியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியுமா?

இப்போது பெரும்பாலும் தொழில் தெரிந்த கூரைக்காரர்கள்தான் வேய்கிறார்கள். ஒரு கோடி யென்னுக்கு மேல் செலவாகும், பெரும்பங்கை அரசாங்கம் தருகிறது. யுயி அடியோடு போய்விடவில்லை. 2001-ல் நகாசே என்ற பெரிய வீட்டுக்குக் கூரை மாற்றியபோது 500 பேருக்கு மேல் திரண்டார்களாம். பாசான் அன்று பிடித்த சோற்று உருண்டைகளுக்குக் கணக்கே இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

கோடையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பட்டுப்புழு பற்றித்தான். இந்த வீடுகள் ஏன் இத்தனை உயரம் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்கள் இருந்தது கீழ்த் தளத்தில் மட்டும். மேலே இரண்டு மூன்று தட்டுகளும் புழுக்களுக்கு! முகப்பின் இரு பக்கத்து ஜன்னலையும் திறந்துவிட்டால் காற்று ஓடும்; குளிர்ந்தால் கீழே அடுப்புச் சூடு ஏறும். முட்டையிலிருந்து வந்த புழு ஏறக்குறைய 25 நாளில் பதினாயிரம் மடங்கு கனம் ஏறிக் கூடு கட்டும். அதற்குள் நான்கு தடவை தூங்கித் தோலுரிக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்னும். விடியுமுன் மல்பெரி இலை பறித்து, ஈரம் துடைத்து, நறுக்கிப் போடுவது, எச்சத்தை வாருவது எல்லாம் பெண்கள் பாடு. "ராத்திரி படுத்தா, மேலே ஆயிரக்கணக்கான புழு இலை தின்கிற சத்தம், மழை பெய்கிற மாதிரி கேட்கும். அந்தச் சத்தம் நின்னா அம்மா எழுந்து உட்கார்ந்துடுவாங்க" என்றார் பாசான். தொட்டில் சத்தம் நின்றால் நாம் விழித்துக்கொள்வது போல! அந்த நூலில் நெய்த துணி பட்டணத்துக்குத்தான். அவர் அம்மா கல்யாணத்துக்குக்கூடப் பட்டு உடுத்தவில்லையாம்.

புழுவின் எச்சமும் வீணாகாது. முற்காலத்தில் அதை மண்ணோடும் செடி கொடிகளோடும் சேர்த்து அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்கடியில் குழி வெட்டிப் புதைத்து, சில வருஷம் கழித்து வெடியுப்பு எடுப்பார்கள். வெடிமருந்துக்கு அது முக்கியச் சரக்கு. மலைக்குள் ஒளிந்திருந்த ஊருக்கு அதில்தான் வருமானம். வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்ததும் அது நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டும் மங்கிப் போயிற்று.

ஷிரகவா-கோவின் தென்பகுதி ஊர்களில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்ததாகப் புத்தகங்களில் உண்டு. ஒரே கூரையின் கீழ் இருபது, முப்பது பேர். விளைநிலம் கொஞ்சம், பாகம் பிரித்தால் ஒருவருக்கும் போதாது. எனவே மூத்த மகனுக்கு மட்டும் முறைப்படி கல்யாணம். அவன் மனைவி மட்டுமே புகுந்த வீட்டுக்கு வருவாள். மற்ற மகன்களும் மகள்களும் பிறந்த வீட்டிலேயே. தம்பிமார் இராத்திரி மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டு விடியலில் திரும்பிவிடுவார்கள். பிறக்கும் குழந்தைகள் தாய் வீட்டில் வளரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இது இருந்திருக்கிறது. மாமியார் மருமகள் சண்டை குறைவாக இருந்திருக்குமே என்று எனக்கு முதலில் தோன்றியது. "ஆனா வேலை செய்ய ஆள் வேணும்னுதானே பெண்ணை அனுப்பாம வெச்சுக்கிட்டாங்க?" என்றாள் என் பெண். அதுவும் நிஜம்தான்.

இப்படிப்பட்ட வீடுகள் இன்று நிற்பதே ஆச்சரியம். ஜெர்மனியின் கட்டடக் கலைஞர் புரூனோ டாட் 1935-ல் வந்து பார்த்துப் புகழ்ந்து எழுதினார். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போது இது வறுமையின் அடையாளம். ஆற்றின் மேல்பக்கத்தில் மிபோரோ அணை கட்டி 1961-ல் முடித்தபோது பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அங்கே இருந்த நானூறு வயதுக்கு மேற்பட்ட இரண்டு செர்ரி மரங்களை மட்டும், தண்ணீர் ஏறுமுன் 1960-ல் வேரோடு பெயர்த்து மேட்டில் நட்டார்கள். அவை பிழைத்து, இன்றும் வசந்தத்தில் பூக்கின்றன. ஊரை இழந்தவர்கள் அந்த மரத்தடிக்கு வந்து தொட்டுப் பார்த்து அழுவார்களாம். கஸுரா என்ற இன்னொரு சிற்றூர் மக்கள் 1967-ல் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். ஆளில்லாத வீடுகள் பட்டணத்துக்கு விலை போயின, சில உணவு விடுதிகளாயின. மிஞ்சியவற்றில் சிலதை ஒகிமாச்சிக்குக் கொண்டு வந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு வெறுமை உண்டே, அது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்து 1971-ல் ஒகிமாச்சி ஜனங்கள் கூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். மூன்றே வார்த்தை. இன்றும் அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. யுனெஸ்கோ வந்ததெல்லாம் இருபத்துநான்கு வருஷம் கழித்துத்தான்!

2023 அக்டோபர் கடைசியில் நாங்கள் போனபோது மலையெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. அறுவடை முடிந்த வயல். ஊர்க் கோயில்களில் 'தொபுரொகு' என்ற வடிகட்டாத அரிசிக் கள்ளைத் தெய்வத்துக்குப் படைத்து ஊரெல்லாம் பகிர்ந்து குடிக்கும் திருவிழா அந்த மாதம் நடுவில்தான் முடிந்திருந்தது. எங்கே பார்த்தாலும் கூட்டம். 2008-ல் மலையைக் குடைந்து 10.7 கிலோமீட்டர் சுரங்கப்பாதையோடு நெடுஞ்சாலை வந்த பிறகு, காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களே அதிகம். வீட்டு வாசலில் நின்று ஜன்னல் வழியே உள்ளே போட்டோ எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் வீடுகளுக்கு விளக்கு போட்டுக் காட்டும் சில இராத்திரிகளுக்கு 2019 முதல் முன்பதிவு கட்டாயமாக்கிவிட்டார்கள்.

பாசான் விருந்தினர் வைத்துக்கொள்வதை நிறுத்தியிருந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. என் பெண் பேசி, 'பழகியவர்கள்தானே' என்று எங்களுக்கு மட்டும் ஓர் இரவு இடம் தந்தார். மகன் கிஃபு நகரத்தில் வேலையாக இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவாராம். "நீங்க ஆஸ்பத்திரியிலே இருந்தப்போ அடுப்பு?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டுவிட்டேன். "எதிர்வீட்டுக்காரி தினம் வந்து மூட்டினா. பத்தொன்பது நாள்." நோட்டைக் காட்டினார். எழுதி வைத்திருந்தார்!

கயா புல் அறுக்கும் காலம் அது. பனி விழுமுன் அறுத்துக் கட்டி, அந்தக் கட்டுகளையே வீட்டைச் சுற்றித் தட்டியாக நிறுத்திவிடுவார்களாம். குளிர்காலம் முழுக்கப் பனியும் காற்றும் சுவரில் மோதாமல் தடுக்கும். வசந்தத்தில் எடுத்துக் கூரைக்குச் சேர்த்து வைப்பார்கள். பாசான் வீட்டு மேற்குக் கூரையில் பாசி படர்ந்து இரண்டு இடம் குழிந்திருந்தது. "இதுக்கு எப்போ முறை?" என்றேன். "எனக்கு முன்னாலே மூணு வீடு இருக்கு. அதுக்குள்ளே பையன் வந்துட்டா அவன் வேய்வான்" என்றார். "வராட்டா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே, "மருமக போன மாசம் வந்தப்போ அடுப்பு மூட்டக் கத்துக்கிட்டா. புகையிலே கண்ணீர் கண்ணீரா கொட்டிச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

வயல் ஓரங்களில் சின்னச் சின்னக் கூரை வீடு போலப் பெட்டிகள் இருந்தன. பேத்திக்கு இப்போது ஏழு வயது. பொம்மை வீடு என்று நினைத்து ஓடினாள். உள்ளே இருப்பது தண்ணீர்ப் பீரங்கி. புல் கூரைக்கு நெருப்பு ஜன்ம விரோதி. ஒன்று பற்றினால் ஊரே போச்சு. மலை மேலே தொட்டி கட்டி, மேட்டிலிருந்து விழும் வேகத்திலேயே தண்ணீர் பீய்ச்சும்படி செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்து ஒத்திகை பார்ப்பார்கள். 2019 நவம்பர் 4-ஆம் தேதி, வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு அருகே ஒரு கொட்டகையில் நிஜமாகவே தீப்பிடித்தபோது அந்தப் பீரங்கிகள்தான் பாய்ந்தன. பழைய வீடு ஒன்றுக்கும் சேதமில்லை.

இயந்திரத்தை மட்டும் நம்பி அவர்கள் இருப்பதில்லை. தினம் பல வேளை, ஊர்க்காரர்கள் முறை வைத்து, இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். "ஹி நோ யோஜின்!" நெருப்பு, ஜாக்கிரதை! அன்று மாலை எதிர்வீட்டு அம்மாளின் முறை. பேத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "வர்றியா?" என்று கூப்பிட்டுக் கட்டைகளை அவள் கையில் கொடுத்துவிட்டார். இருட்டில் அந்தச் சத்தம் டக், டக் என்று ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வருவதைப் பாசானும் நானும் அடுப்பருகே உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவள் முதல் காரியமாக இரோரியை எட்டிப் பார்த்து, "தணல் மேல சாம்பல் மூடியாச்சா?" என்று பாசானையே அதட்டினாள்.

மறுநாள் நகோயாவில், காலைக் காபிக்கு நான் காஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். பின்னாலிருந்து டக், டக். திரும்பினால், கையில் இரண்டு மரக் கரண்டிகளோடு பேத்தி.